தேரிச் சில்லும் மெய்கண்டாரின் குயவனும்

ஆனி ஆடிக் காற்று தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடுகளைப் புரட்டிப்போட்டு ஓயும்போது, செம்மணல் விலகிய பள்ளங்களில் கற்சில்லுகள் தலைகாட்டும். பெரும்பாலும் வெள்ளை, சில தேன் நிறம். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், காயாமொழி என்று இந்த மணல்மேடுகளை ஒட்டி வாழ்பவர்களுக்கு அவை புதிதில்லை. ஆடு மேய்ப்பவர் காலில் குத்தினால் எடுத்து அப்பால் எறிந்துவிட்டுப் போவார். அவற்றில் ஒரு பகுதி, இரும்பு வருவதற்கு வெகுகாலம் முன்பு இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் உடைத்த கருவிகள். அம்புக்குத் தண்டும் கத்திக்குப் பிடியும் வேண்டுமென்றால் ஒரு குச்சியை எடுத்துச் செம்மையாக்க வேண்டும். அதற்கு அவர்கள் கையில் இருந்தது இந்தச் சில்லுதான்.

செய்பவன் யார், செய்யும் கருவிக்கும் அவனுக்கும் என்ன உறவு என்ற கேள்வியைச் சைவ சித்தாந்தம் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகிறது. அந்த வழக்கில் இதுவரை யாரும் கூண்டில் ஏற்றாத சாட்சி இந்தத் தேரிச் சில்லு.

ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஒரு முகம் ஏறக்குறையத் தட்டை. அந்த முகத்தின் உச்சியில், அடி விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய புடைப்பு ஒன்று இருக்கும். அடித்த அடியின் விசை கல்லுக்குள் பரவியபோது விட்டுப்போன தடம் அது. மறுமுகத்தில், இதற்கு முன் அதே கல்லிலிருந்து பெயர்த்த சில்லுகளின் வடுக்கள். விளிம்பில் விரலை ஓட்டினால் இன்றைக்கும் தோல் கிழியும். உலகெங்கும் இத்தகைய கருவிகள் கிடைக்கும் இடங்களில் சில சில்லுகளின் ஓரம் மட்டும் உள்வாங்கி அரைவட்டமாக இருப்பதைக் காணலாம். அந்த வளைவு நெடுக மிகச் சிறிய கொத்தல்கள் வரிசையாகத் தெரியும். உட்குழிந்த சுரண்டி என்று தொல்லியலார் இதைச் சொல்கிறார்கள். குச்சியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, அந்த அரைவட்டத்தைத் தண்டின் மேல் பொருத்தித் தன் பக்கம் இழுத்தால் சீவல் சுருண்டு விழும். தண்டைத் திருப்பித் திருப்பி இழுக்க இழுக்கக் கணு கரையும், கோணல் குறையும், உள்ளங்கைக்குப் பாந்தமான உருளை வரும். மம்பட்டிக் கணையை உடைந்த கண்ணாடிச் சில்லால் வழித்து வழவழப்பாக்குகிற தச்சரைப் பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

இந்தச் சில்லுகளை முதலில் இனம்கண்டவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அதிகாரி. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்தவர். பிறகு திருநெல்வேலிச் சீமையை ஆய்ந்தபோது சாயர்புரத்துத் தேரியிலும் கற்சில்லுகளைச் சேகரித்தார். 1956-இல் எஃப். இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் மத்தியத் தொல்லியல் துறையின் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் தேரிக் களங்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். கடல்மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்த காலத்தோடு மணல்மேடுகளைப் பொருத்திப் பார்த்துக் கருவிகளுக்குக் கி.மு. 4000 வாக்கில் என்று காலம் குறித்தார்கள். அந்தக் கணக்கைப் பின்வந்தவர்கள் கிளறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கருவிகளின் வகையில் குழப்பம் இல்லை: பிறைவடிவச் சில்லுகள், கூர்முனைகள், சுரண்டிகள், குறுக்குவிளிம்புள்ள அம்புமுனைகள். இருமுகமும் நுணுக்கமாகச் செதுக்கிய முனைகள் சில, இலங்கையில் கிடைப்பவற்றோடு உறவு சொல்கின்றன.

பிறைவடிவச் சில்லைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அது தண்டில் பொருந்த வேண்டும். மரப்பிசினோ தேன்மெழுகோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது அம்பு, அப்போதுதான் கத்தி. ஆகவே தேரியில் ஒவ்வொரு பிறைச்சில்லுக்கும் ஒரு மரத்துண்டு துணையாக இருந்தது. அந்த மரத்தில் ஒரு சிராய்கூட நமக்கு மிஞ்சவில்லை. நீரும் காற்றும் தடையின்றிப் புகுந்து வெளியேறும் மணலில் மரம் தங்காது, போதாக்குறைக்குக் கறையான். மரம் தப்பிப்பிழைக்கச் சேறு வேண்டும், நீர் வேண்டும். ஜெர்மனியின் ஷோனிங்கன் சுரங்கத்தில் 1990-களில் எடுத்த மர ஈட்டிகளும், ஜாம்பியாவின் கலம்போ அருவியருகே கிடைத்து 2023-இல் அறிவிக்கப்பட்ட, ஏறக்குறைய 4,76,000 ஆண்டுப் பழைய மரக்கட்டுமானமும் அப்படித் தப்பியவை. நம் தேரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வங்கக்கடலின் மறுபக்கம் போனால் கல்கூட மிஞ்சாமல் போகும் வழி தெரியும். அந்தமான் மக்கள் வில்லைப் பன்றித் தந்தத்தால் இழைத்ததையும், அம்புத்தண்டைச் சிப்பி ஓட்டால் சீவியதையும் எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1880-களில் எழுதிவைத்தார். முத்துச்சிப்பியும் சங்கும் குவிந்த நம் கரையிலும் சிப்பி ஓடு அந்த வேலையைச் செய்திருக்கலாம். செய்திருந்தாலும் அதைக் கருவி என்று அடையாளம் காண்பது கடினம். தொல்லியல் எப்போதும் மிஞ்சியதை வைத்து மிஞ்சாததைப் பேசும் கலை. மணிமேகலையில் சமயக்கணக்கர் அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று: இல்லாமையும் அறிவுக்கு ஒரு வாயில்.

இங்கேதான் தத்துவம் நுழைகிறது. சில்லைப் பார்த்ததும் 'இதை ஒரு கை உடைத்தது' என்கிறோமே, அந்த முடிவுக்கு எப்படி வந்தோம்? யாரும் கண்ணால் காணவில்லை. காரியத்தைப் பார்த்துக் கர்த்தாவை ஊகிக்கிறோம். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் இயற்றிய சிவஞான போதத்தின் முதல் சூத்திரம் நடக்கும் பாதையும் இதுவே. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகையால் அதைச் செய்பவன் ஒருவன் உண்டு என்பது அதன் வாதம். சித்தாந்தத்தை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் ஜி. யு. போப். திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் தந்தபோது அதனுடன் சித்தாந்தம் பற்றிய நீண்ட குறிப்புகளையும் சேர்த்தார். அந்தப் போப் 1840-களில் இளைஞராக இருந்து கல்விக்கூடம் நடத்திய ஊர் சாயர்புரம். உலகத்தைக் கண்டு கர்த்தாவை ஊகிக்கும் தத்துவத்தை விளக்கியவர் நடந்த அதே செம்மண்ணில், சில்லைக் கண்டு கையை ஊகிக்கும் ஃபூட்டும் பிறகு குனிந்து நின்றார். இருவரின் வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு ஏனோ இத்தனை காலம் தோன்றவில்லை.

ஊகத்துக்கு ஒரு சோதனை 2016-இல் வந்தது. பிரேசிலின் செரா டா கபிவாரா பூங்காவில் காப்புச்சின் குரங்குகள் கல்லால் கல்லை அடித்து, அதில் எழும் தூளை நக்குகின்றன. அப்போது சிதறும் சில்லுகள், ஆதிமனிதர் செய்தவை என்று நாம் காட்சிப்பெட்டியில் வைத்திருப்பவற்றைப் போலவே இருக்கின்றன. அதே புடைப்பு, அதே கூர் விளிம்பு. குரங்கு அந்தச் சில்லைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புகையைக் கண்டு நெருப்பென்று சொன்னவன், அருகில் போய்ப் பார்த்தால் மூடுபனி. தருக்க நூலார் இத்தகைய ஏதுவைப் போலி என்று ஒதுக்குவார்கள்.

ஆகவே சில்லு மட்டும் கருத்துக்குச் சாட்சி ஆகாது. எது ஆகும்? உள்வாங்கிய ஓரத்தில் வரிசையாக விழுந்த சிறு கொத்தல்கள். அந்த ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் தேய்மானம். சோவியத் ஆய்வாளர் செர்கேய் செமியோனவ் 1957-இல் வெளியிட்ட நூல் இந்த வழியைத் திறந்தது: மரத்தைச் சுரண்டிய விளிம்பு ஒருவிதமாக மெருகேறும், தோலைச் சுரண்டியது வேறுவிதமாக மெருகேறும். அப்படியென்றால் கல்லில் நாம் படிப்பது கல்லை அல்ல. மண்ணோடு மண்ணாகிப்போன மரத்தைப் படிக்கிறோம். ஒரு கைக்குக் கருத்து இருந்தது என்பதை அந்தக் கை தொட்ட வேறொரு பொருளின் சுவடுதான் சொல்கிறது. கர்த்தாவைக் காரியத்தில் தேடுவதைவிடக் காரியங்களுக்கு இடையிலான உறவில் தேடுவது உறுதியானது என்று தேரி கற்றுத்தருகிறது.

சித்தாந்தம் இந்த உறவை மூன்று காரணங்களாகப் பிரிக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம். திரிகையும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை மண், சத்தி திரிகை, சிவம் குயவன். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இந்த உவமையை நன்றாக விரிக்கிறது. அதே 13-ஆம் நூற்றாண்டில், கடல்கள் பல கடந்து, தாமஸ் அக்குவினாஸ் ஒரு கோடரியை எடுத்துக்கொண்டார். கட்டிலைச் செய்வது கோடரி. ஆனால் கட்டில் கோடரியின் சாயலில் வருவதில்லை, தச்சன் மனத்தில் உள்ள வடிவத்தின் சாயலில் வருகிறது. கோடரிக்கு இரண்டு செயல். தன் கூர்மையால் வெட்டுவது அதன் சொந்தச் செயல்; கட்டில் ஆக்குவது தச்சனின் செயல், கோடரி வழியாக நடப்பது. திருமுழுக்கின் நீர் அருளைத் தருவதும் இப்படித்தான் என்று அவர் விளக்கினார். 1530-களில் இந்தக் கடற்கரையின் பரதவர்கள் கத்தோலிக்கர் ஆனபோது அவர்கள் தலையில் விழுந்த நீருக்குப் பின்னால் இருந்த இறையியல் இதுதான். திரிகையும் கோடரியும் ஒருவரையொருவர் அறியாத இரு ஞானிகளின் கையில் ஒரே கேள்விக்கு விடையாக நின்றன. இந்த ஒற்றுமையைச் சமய ஒப்பீட்டில் பலர் வெறும் அழகாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அது போதாது, இரண்டு உவமைகளும் ஒரே இடத்தில் தடுக்குகின்றன.

குயவன் திரிகைக்கு முன்னால் இருக்கிறான். தச்சன் கோடரிக்கு முன்னால் இருக்கிறான். முழுமையான ஓர் ஆள் முதலில், கருவி பிறகு. தேரிச் சில்லோ அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. பிடி செய்யச் சில்லு வேண்டும்; சில்லை இறுகப் பிடித்து வேலைவாங்கப் பிடி வேண்டும். ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பழங்குடியினர் அண்மைக்காலம் வரை டூலா என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள்: மரப்பிடியின் முனையில் பிசினால் ஒட்டிய ஒரு கற்செதில். அதை வைத்து மற்ற மரக்கருவிகளைச் செதுக்கினார்கள். இந்தப் பிடியைச் செதுக்கியது முந்திய ஒரு செதில். அந்தச் செதிலைத் தாங்கியது அதற்கும் முந்திய பிடி. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். அனவத்தை என்று தருக்கத்தார் இதைக் குற்றமாகச் சொல்வார்கள். எங்காவது நிறுத்த வேண்டுமே! நிறுத்தும் இடத்தில் ஒரு கர்த்தாவை வைத்தால் சிக்கல் தீர்ந்தது என்பது குயவன் உவமையின் பலம்.

ஆனால் நிலத்தைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் கிடைப்பது முழுமையான மனிதன் அல்ல. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் எடுத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. நம்முடைய மனித இனத்துக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுதான். தமிழ்நிலத்தில் கருவி செய்தவர்கள், நாம் மனிதர் என்று சொல்லும் இனம் தோன்றுவதற்கு 12 லட்சம் ஆண்டு முன்பே செய்துவிட்டார்கள். இன்னும் பின்னால் போனால் கென்யாவின் லொமேக்விக் கற்கருவிகள்: 33 லட்சம் ஆண்டு. ஹோமோ என்ற பேரினத்தின் மிகப் பழைய எலும்பாகக் கருதப்படும் எத்தியோப்பியத் தாடை 28 லட்சம் ஆண்டு. கல்லை உடைத்த கை, மனிதக் கை ஆவதற்கு முன்பே உடைத்திருக்கிறது. குரங்கின் சில்லையும் சேர்த்துப் பார்த்தால் கூர்மை முதலில் வந்தது, கருத்து பின்னால் வந்தது. அக்குவினாஸ் சொன்ன கோடரியின் சொந்தச் செயலே தச்சனுக்குத் தச்சைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

குடம் வனைந்து வனைந்து குயவன் உண்டானான் என்றால் முதல் சூத்திரம் என்ன ஆகும்?

பௌத்தரிடம் விடை தயாராக இருக்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் சொல்லும் சார்புக் கோட்பாட்டின்படி எதுவும் தனித்துத் தோன்றுவதில்லை. ஒன்றைச் சார்ந்து ஒன்று. தொடக்கப்புள்ளி தேட வேண்டியதில்லை. கை, கல், குச்சி மூன்றும் ஒன்றையொன்று ஆக்கிக்கொண்டன என்று அவர்கள் முடித்துவிடுவார்கள். எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதியோ ஒருபடி மேலே போய், சேர்க்கையில் உணர்வு பிறந்தது, பிரிந்தால் போகும் என்பான். இன்றைய அறிவியல் வாசகர் பலருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும்.

சித்தாந்திக்கும் விடை உண்டு. ஆனால் அது குயவனிடம் இல்லை, இரண்டு வேறு உவமைகளில் இருக்கிறது. ஒன்று சூரியனும் தாமரையும். சூரியன் எதையும் திருகவில்லை, தட்டவில்லை; அதன் சந்நிதியில் ஒரு மொட்டு அலர்கிறது, ஒன்று முகையாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது. கர்த்தா இப்படி நின்றால், 33 லட்சம் ஆண்டு படிப்படியாக நடந்த ஒன்றை அவன் செயல் என்று சொல்வதில் இடறல் இல்லை. மற்றொன்று படிகம். உயிர், தான் எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை முடிவுகளில் ஒன்று. செம்பூவின் அருகே வைத்தால் படிகம் சிவக்கும். நீலத்தின் அருகே நீலம். உயிர் கண்ணோ காதோ மனமோ ஆகிய கருவிகளோடு கூடாமல் எதையும் அறியாது. கூடினால் அதுவாகவே நின்று அறியும். கருவியில்லாத முழு ஆள் ஒருவன் முதலில் இருந்தான், பிறகு கருவியைக் கையில் எடுத்தான் என்ற எண்ணத்துக்கே இந்தக் கொள்கையில் இடமில்லை.

மனித வரலாற்றைப் பற்றித் தொல்லியல் கண்டது இதோடு இசைகிறது. கல்லைச் சார்ந்த கை கல்லுக்கேற்ற கை ஆயிற்று. பிடியைச் சார்ந்த கை பிடிக்கேற்ற கை ஆயிற்று. உயிர் எந்த உடம்பில் இருந்தாலும் உயிரே என்று கொள்ளும் சித்தாந்திக்கு, அத்திரம்பாக்கத்தில் கல் உடைத்தவர் நம் இனம் அல்ல என்பதும் சங்கடம் தராது. குயவன் உவமையை மேடைதோறும் சொல்லிப் பழகிய சைவப் பேச்சாளர்கள் அதைச் சற்று ஓரம் வைத்துவிட்டுப் படிகத்தை முன்னால் கொண்டுவர வேண்டிய காலம் இது. கிடைத்திருக்கும் சான்று குயவனைத் தளர்த்துகிறது, படிகத்தைத் தாங்குகிறது. அந்தச் சான்றே தேரியில் படிகக்கல்லாகக் கிடக்கிறது.

மக்கள் வழக்கம் இதை நூலுக்குக் காத்திராமல் அறிந்திருக்கிறது. ஆயுத பூசையன்று துறைமுகச் சாலையின் லாரிப் பட்டறைகளில் ஸ்பேனரும் ஜாக்கியும் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டோடு வரிசையில் இருக்கும். அன்று அவற்றைத் தொட்டு வேலை செய்வதில்லை. வெறும் துணைக்காரணத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? ஆண்டு முழுதும் அதைச் சார்ந்து தன் கை இப்படியானது என்ற நன்றி அது. சேர்வராயன் மலையில் உழவின்போதும் தோண்டும்போதும் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளைச் சிறு பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கிய வழக்கத்தை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யார் செய்தது, எப்போது செய்தது என்பது வணங்கியவர்களுக்குத் தெரியாது. ஒரு கைபட்ட கல் என்பது மட்டும் தெரிந்திருந்தது. தேரிக்காட்டுப் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளுக்குக் கூர் ஏற்ற வெங்கச்சங்கல்லைப் பொடித்துத் தீட்டுப்பலகையில் தூவுவார்கள். அந்த வெள்ளைக்கல்லும் பழைய சில்லுகளின் கல்லே. ஒருகாலத்தில் தானே கத்தியாக இருந்த கல், இரும்புக் கத்திக்குத் துணையாக இறங்கிவந்து பணிசெய்கிறது.

முத்துக்குளித்துறையின் கல்லையும் இங்கே சொல்ல வேண்டும். 1961-இல் நடந்ததே தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அதுவரை குளியாளி கயிறு கட்டிய கனத்த கல்லில் கால் ஊன்றிக் கடலடிக்கு இறங்கினார். இறங்கியதும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளியாளி மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிக் கயிற்றை அசைத்ததும் அவரையும் இழுப்பார். சுறா வாயைக் கட்டக் கடல்கட்டிகள் கரையில் மந்திரம் சொன்னார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, மந்திரம் சொல்பவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக எழுதினார். பரதவர் மதம் மாறிய பின்னும் அந்த வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. கல், கயிறு, மந்திரம், கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதன். ஒரு மூச்சுக்குள் ஓர் உயிர் சார்ந்து நின்றவை எத்தனை! அந்தக் குளிகல்லில் உடைத்த வடுவும் இல்லை, மெருகும் இல்லை. கயிறு மக்கிவிட்டால் அதைக் கருவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கருவியல்லாதது கருவியாகத் தோன்றுவது குரங்குச் சில்லு என்றால், கருவியாக இருந்தது வெறும் கல்லாகிவிடுவது குளிகல். ஊகம் இரண்டு பக்கமும் தவறும்.

நட்டுவைத்த கல்லைச் சுற்றிவந்து பூப்போடுவதைச் சித்தர் சிவவாக்கியர் கடுமையாகச் சாடினார். உள்ளே இருப்பவனை விட்டுவிட்டுக் கல்லிடம் பேசுவது ஏன் என்பது அவர் கோபம். தேரிச் சில்லைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கும் அந்தக் கோபம் பொருந்துமா? பொருந்தாது என்றே சொல்ல வேண்டும். அவர் எதிர்த்தது கல்லை முடிவாகக் கொள்வதை. இங்கே கல் முடிவாக நிற்கவில்லை. மறைந்த மரத்துக்கும் மறைந்த கைக்கும் வழிகாட்டிவிட்டு ஒதுங்குகிறது. சித்தாந்தத்தில் இன்னொரு கடுமையும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. சார்ந்ததன் வண்ணம் ஆகும் உயிர் நல்லதை மட்டுமே சாரும் என்று அந்த நூல்கள் எங்கும் உறுதி தரவில்லை. தேரியில் செதுக்கிய தண்டு மானைக் கொல்லும் அம்புக்கும் போனது. கருவி கையை ஆக்கிய வரலாற்றில் கொலையும் சேர்ந்தே இருக்கிறது.

இனி நடப்புக்கு வரலாம். காயாமொழிக்கு அருகே தேரிக்குடியிருப்பில், செம்மணல் நடுவே கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. டிசம்பர் நடுவில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடி, தேரி மண்ணைப் புனிதமாகக் கருதி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். ஒரு நிலத்தின் மண்ணையே இவ்வளவு மதிக்கும் மக்கள் வேறெங்கும் எளிதில் கிடைக்க மாட்டார்கள். அதே செம்மணலை லாரி லாரியாக அள்ளுவதும், மேடுகளைத் தரைமட்டமாக்குவதும் மறுபக்கம் நடக்கின்றன. தாதுமணலுக்கு இந்தக் கரை கொடுத்த விலை ஊரறிந்தது. கடற்கரைத் தாதுமணல் அள்ளுவதைத் தமிழக அரசு 2013-இல் நிறுத்தியது. தேரியின் கற்கருவிக் களங்களுக்கு அப்படி ஒரு முழுமையான காப்பு வேண்டும். ஆதிச்சநல்லூருக்கும் சிவகளைக்கும் கொற்கைக்கும் அகழாய்வுக் குழுக்களை அனுப்பிய மாநிலத் தொல்லியல் துறை, அதே மாவட்டத்தில் இரும்புக்கும் நெல்லுக்கும் முந்திய இந்தச் செம்மணல் மேடுகளையும் முறையாக அளந்து வரைபடம் ஆக்க வேண்டும்.

தேரியில் நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூர்விளிம்புள்ள வெள்ளைச் சில்லு கண்ணில் பட்டால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால் அதன் பக்கத்தில் எது கிடந்தது, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற செய்தி போய்விடும். அதற்குப் பிறகு அது வெறும் கல்லே. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுபவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஃபூட் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளை அந்த அருங்காட்சியகம் 1904-இல் விலைகொடுத்து வாங்கிப் பாதுகாத்துவருகிறது.